ஜும்பா ஆடினால் மாசம் எட்டுக் கிலோ குறையுமா?

கேள்வி: எங்கள் அபார்ட்மென்ட் ஹாலில் ஜும்பா வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். 'ஒரு மணி நேரத்தில் 1,000 கலோரி, 30 நாளில் 8 கிலோ' என்று நோட்டீஸ். மூன்று மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்கிறார்கள். எனக்கு வயது 42, எடை 74 கிலோ, மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கும். சேரலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: ஆட ஆசை என்றால் தாராளமாகச் சேருங்கள், எட்டுக் கிலோவை நம்பிச் சேராதீர்கள். அவர்கள் நோட்டீஸை வைத்தே கணக்குப் போடுவோமே. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். எட்டுக் கிலோவுக்கு 61,600, தினசரிக் கணக்கில் இரண்டாயிரத்துக்கும் மேல். அதாவது நீங்கள் நாள் முழுக்கச் சாப்பிடும் அளவு கலோரியை, ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல், ஆடியே தீர்க்க வேண்டும்! 2012-ல் அமெரிக்க உடற்பயிற்சி கவுன்சிலுக்காக 19 இளம்பெண்களை ஜும்பா ஆடவிட்டு அளந்தார்கள்; நிமிடத்துக்குச் சராசரி 9.5 கலோரி, ஒரு மணி நேரம் ஆடினால்கூட 570 தான். வாரம் மூன்று வகுப்பு போனால் மாசத்துக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வரும், அதுவும் வகுப்பு முடிந்த கையோடு எல்லோருமாகச் சேர்ந்து வடை காபிக்குக் கிளம்பாமல் இருந்தால்.

'பக்கத்து வீட்டக்காவுக்கு முதல் வாரமே ஒன்றரைக் கிலோ குறைந்ததே' என்பீர்கள். கூடவே சோற்றை நிறுத்தச் சொல்லி ஒரு டயட் சார்ட் கொடுத்திருப்பார்கள். மாவுச்சத்தைக் குறைத்தால் உடம்பில் தேங்கிய நீர்தான் முதலில் இறங்கும், பழையபடி சாப்பிட்டால் திரும்பி வந்துவிடும். வாட்ஸ்அப்பில் வரும் எடை மெஷின் போட்டோக்களில் பாதி இந்தக் கதைதான்.

அதற்காக ஜும்பா வீண் என்று சொல்லமாட்டேன். வாக்கிங் போகச் சொன்னால் நாலாவது நாளே சாக்கு சொல்கிறவர்கள்கூட பாட்டு போட்டால் ஒரு மணி நேரம் ஆடிவிடுகிறார்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பை அசையுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று வகுப்பில் அது முடிந்துவிடும். மூச்சு வாங்குவது குறையும், சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் வர உதவும், தூக்கம் நன்றாக வரும்.

உங்கள் முழங்காலை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு குதிக்கவே வேண்டாம். ஷூ போடுங்கள், குதிக்காமல் ஆடும் அசைவுகள் சொல்லித் தருவாரா என்று மாஸ்டரிடம் கேளுங்கள். 'எல்லாருக்கும் ஒரே ஸ்டெப்தான்' என்றால் அந்த வகுப்பு உங்களுக்கு இல்லை. பணம் மாதாமாதம் கட்டுங்கள். அப்புறம், வகுப்பில் எடை குறைக்கும் பவுடர் டப்பா விற்க ஆரம்பித்தால் வாங்காதீர்கள். ஜும்பா மாஸ்டருக்கான அடிப்படைப் பயிற்சியே ஒரு நாள்தான், அதிலும் சொல்லித் தருவது ஆட்டம், சாப்பாட்டு வைத்தியம் இல்லை.

கேள்வி: 'எடை குறைக்கப் பரதம்' என்று ஒரு வகுப்பு. 45 வயதில் போகலாமா?
- இன்னொரு வாசகி, மதுரை

பதில்: பரதம் கற்க என்றால் போங்கள். முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் தட்டும் தட்டடவு போட்டாலே தொடை கதறும், ஆனால் முதல் சில மாதங்கள் நிதானமாகத்தான் போகும், பெரிதாகக் கலோரி செலவாகாது. எடுத்த எடுப்பில் வேக வேகமாக ஆடவைத்தால் முழங்கால்தான் முதலில் போகும்.