கச்சேரி ரத்து, டிக்கெட் காசு யாருக்கு?

கேள்வி: ஓர் இசை நிகழ்ச்சிக்கு ஒரு செயலி மூலம் தலா 2,500 ரூபாய்க்கு நாலு டிக்கெட் எடுத்தேன். மழை என்று சொல்லி அன்று காலையில் ரத்து செய்துவிட்டார்கள். ஒரு மாதம் தாண்டியும் பணம் வரவில்லை. செயலியில் கேட்டால் ஏற்பாட்டாளரைக் கை காட்டுகிறார்கள்; ஏற்பாட்டாளர் செயலியைக் கை காட்டுகிறார். டிக்கெட்டிலேயே 'பணம் திருப்பித் தரப்படாது' என்று வேறு போட்டிருக்கிறது. காசு போனது போனதுதானா?
– வாசகி, தாம்பரம்

பதில்: போகவில்லை. முதலில் அந்த 'திருப்பித் தரப்படாது' வரிக்குப் பயப்படுவதை விடுங்கள். டிக்கெட் எடுத்துவிட்டு நீங்கள் வராமல் இருந்தால் காசு கிடையாது என்பதற்காகப் போடுவது அது. நிகழ்ச்சியையே நடத்தாதவர்கள் அதைக் காட்டித் தப்பிக்க முடியாது.

மழை யார் குற்றமும் இல்லை, சரி. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-வது பிரிவுப்படி, நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாததாகிவிடும். ஏற்பாட்டாளர்கள் இதுவரைக்கும் சொல்வார்கள். அதே சட்டத்தின் 65-வது பிரிவைச் சொல்ல மாட்டார்கள்: அப்படிச் செல்லாமல் போன ஒப்பந்தத்தால் ஒருவர் ஏதாவது பெற்றிருந்தால், அதைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். அதாவது மழையைக் காட்டி நஷ்டஈடு தர மறுக்கலாம். டிக்கெட் காசை வைத்துக்கொள்ள முடியாது.

யாரிடம் கேட்பது? உங்கள் வங்கி ஸ்டேட்மென்ட்டில் பணம் யார் பெயரில் போயிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் செயலி நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். அங்கிருந்தே தொடங்குங்கள். சாட்டில் கேட்டுக்கொண்டிருந்தால் 'உங்கள் சிரமம் புரிகிறது' என்ற பதிலைத் தாண்டாது. 2020-இன் மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு தளமும் குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட்டிருக்க வேண்டும். அவருக்கு மின்னஞ்சல் போட்டு, ஏற்பாட்டாளருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைப்பது அவர் கடமை. டிக்கெட், பணம் கட்டிய ரசீது, ரத்து அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் இணையுங்கள். ரத்து அறிவிப்பை இன்றைக்கே எடுத்து வையுங்கள். சமூக வலைத்தளப் பதிவுகள் எப்போது காணாமல் போகும் என்று சொல்ல முடியாது.

கார்டில் கட்டியிருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. வங்கியிடம் 'சேவை கிடைக்கவில்லை' என்று சொல்லி சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி மூலமே திரும்பப் பெறும் வழி) கேளுங்கள். இதற்குக் கெடு உண்டு. விசா கார்டுக்குப் பொதுவாக நிகழ்ச்சி நடக்க வேண்டிய நாளிலிருந்து 120 நாள். 'இந்த வாரம் வந்துவிடும், அடுத்த வாரம் வந்துவிடும்' என்று அவர்கள் சொல்வதை நம்பி இந்தக் கெடுவைத் தவற விடாதீர்கள்.

அதற்கும் மசியவில்லையா, 1915-க்கு அழையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனால் அங்கே பதிவான புகாருக்கு நிறுவனங்கள் கொஞ்சம் சுறுசுறுப்பாகப் பதில் சொல்லும்.

கடைசியாக, மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், நிறுவனம் மும்பையில் இருந்தாலும் சரி. நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும். செயலி, ஏற்பாட்டாளர் இருவரையுமே எதிர்தரப்பாகச் சேருங்கள். யார் தருவது என்று அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். குறைபட்ட சேவைக்கான பணத்தை ரசீதில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதை அந்தச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. மனுவில் இதைக் குறிப்பிடுங்கள்.

கன்வீனியன்ஸ் ஃபீ, அதாவது டிக்கெட் விலைக்கு மேல் செயலி வாங்கும் பதிவுக் கட்டணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். 'பதிவு செய்து தந்த வேலை முடிந்துவிட்டது' என்று சொல்லி அதைப் பிடித்துக்கொள்ளப் பார்ப்பார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. சேர்த்தே கேளுங்கள். ஆனால் டிக்கெட் விலை முழுதாக வந்துவிட்டால், இதற்காக மட்டும் ஆணையம் வரை போவது உங்கள் பொறுமையைப் பொறுத்தது.

கேள்வி: ரத்து இல்லை, தேதியை மாற்றியிருக்கிறார்கள். புதிய தேதியில் என்னால் போக முடியாது. 'பழைய டிக்கெட்டே செல்லும்' என்கிறார்கள்.
– வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் காசு கொடுத்தது ஒரு குறிப்பிட்ட நாளுக்கு. வர முடியாது என்று உடனே எழுத்தில் சொல்லிப் பணத்தைக் கேளுங்கள். பல ஏற்பாட்டாளர்கள் இதற்கென்று சில நாள் அவகாசம் கொடுப்பார்கள். அது அறிவிப்பு மின்னஞ்சலின் அடியில் எங்காவது இருக்கும். பேசாமல் இருந்துவிட்டால் புதிய தேதிக்குச் சம்மதித்ததாக எடுத்துக்கொள்வார்கள்.

2023-இல் ஏ.ஆர். ரஹ்மானின் சென்னை நிகழ்ச்சி மழையால் ஆகஸ்ட் 12-இலிருந்து செப்டம்பர் 10-க்குத் தள்ளிப்போனது நினைவிருக்கும். அன்றைக்கு நெரிசலில் டிக்கெட் வைத்திருந்த பலர் உள்ளேயே போக முடியவில்லை. டிக்கெட்டின் நகலையும் குறையையும் மின்னஞ்சலில் அனுப்பும்படி ரஹ்மானே பிறகு கேட்டுக்கொண்டார். அதனால் நிகழ்ச்சி முடிந்தாலும் டிக்கெட்டை உடனே அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் ஒருவரிடம் கூடுதல் விலைக்கு வாங்கினேன். நிகழ்ச்சி ரத்து. பணம் எனக்கு வருமா?
– வாசகர், கோவை

பதில்: நேராக வராது. முதலில் வாங்கியவரின் கணக்குக்குத்தான் போகும், அதுவும் அச்சிட்ட விலை மட்டும். அவரைப் பிடியுங்கள். ஜிபேயில் அனுப்பியதற்கான ஆதாரத்தையும் அவரோடு பேசிய செய்திகளையும் அழிக்காதீர்கள்.

கேள்வி: மதுரையிலிருந்து ரயில், அறை வாடகை என்று டிக்கெட்டை விடச் செலவு அதிகம். அதையும் கேட்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: கேட்கலாம், ஆனால் தானாகக் கிடைக்காது. நஷ்டஈடாக ஆணையத்தில்தான் கேட்க வேண்டும். எதிர்பாராத மழை, புயல் என்றால் கிடைப்பது கஷ்டம். காவல்துறை அனுமதியே வாங்காமல் டிக்கெட் விற்றார்கள், ரத்தை முன்பே தெரிந்தும் சொல்லவில்லை என்பது போல ஏற்பாட்டாளர் தவறு தெரிந்தால் வாய்ப்பு உண்டு. ரயில் டிக்கெட்டை மட்டும் ரத்துச் செய்தி வந்த நிமிடமே கேன்சல் செய்யுங்கள்; புறப்படும் நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும்.