கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அமெரிக்காவில் எட்டு வருடமாக பிசிஷியன் அசிஸ்டென்டாக (டாக்டருடன் சேர்ந்து நோயாளிகளைப் பரிசோதித்துச் சிகிச்சை தருபவர்) இருக்கிறேன். பாடம் நடத்த அழைக்கிறார்கள். போகலாமா? நோயாளிகளை விட்டுவிட வேண்டுமோ?

பதில்: தாராளமாகப் போங்கள். நோயாளிகளை விட வேண்டாம். நான் இன்றும் வாரத்தில் ஒரு நாள் கிளினிக்கில்தான் இருக்கிறேன். இல்லாவிட்டால் வகுப்பில் சொல்ல ஒன்றும் இருக்காது.

நான் நடத்திய முதல் வகுப்பில் இதய ஒலிகளைப் பற்றி 40 நிமிடம் விளாசினேன். அப்புறம் பார்த்தால், ஒரு மாணவி ஸ்டெதஸ்கோப்பின் காதுமுனைகளைத் திருப்பி மாட்டியிருக்கிறாள்! அவை மூக்குப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அதை நான் சொல்லவே இல்லை. இப்போது அதிலிருந்துதான் தொடங்குகிறேன்.

1965-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் தொடங்கிய முதல் பிசிஷியன் அசிஸ்டென்ட் வகுப்பில் நான்கே பேர், எல்லாரும் கடற்படையில் மருத்துவப் பணி பார்த்தவர்கள். நோயாளிகளை நேரில் கவனித்துப் பழகியவர்களை வைத்துப் பிறந்த தொழில் இது.

சங்கப் பொறுப்பும் தேடி வரும். பாதி நேரம் கூட்டக் குறிப்பு எழுதுவதுதான், சரியா? 2021-ல் எங்கள் தேசியச் சங்கம் ‘அசிஸ்டென்ட்’ என்பதை ‘அசோசியேட்’ என மாற்றத் தீர்மானித்தது. அதைச் சட்டத்தில் ஏற்ற மாநிலம் மாநிலமாக அலைகிறோம்.