நிலப்பனை காய்ந்துவிட்டதா, கவலை வேண்டாம்

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுப் பின்கட்டைத் தாண்டி மா, பலா நிழலில் புல் நிற்பதே இல்லை. கோயில் காட்டில் நிலப்பனையை, பனங்கன்று போன்ற அந்தச் சின்னச் செடியை, பார்த்த ஆசையில், புல்லுக்குப் பதில் தரையை மூடட்டும் என்று இருநூறு கிழங்கு வாங்கி ஆவணியில் நட்டோம். ஐப்பசியில் மஞ்சள் பூ பூத்தது. பங்குனியில் இலையெல்லாம் காய்ந்துவிட்டது. விற்றவர், 'செத்துப்போச்சு ஆச்சி, புதுசு தர்றேன்' என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள், ஆச்சி. செடி உறங்குகிறது. நிலப்பனை மழைக்காலத்தில் இலை விட்டுப் பூத்து, வெயில் ஏறியதும் இலையை உதிர்த்துவிட்டுக் கிழங்காக மண்ணுக்குள் கிடக்கும். நல்ல மழை விழுந்ததும் பனங்கன்று போல மடிப்பு மடிப்பாக இலை வரும். அதன் இடுக்கில், மண்ணை ஒட்டியே, ஆறு இதழோடு பூவும் வரும்.

சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒரே ஒரு கிழங்கைத் தோண்டி நகத்தால் கீறுங்கள். மேலே கறுத்து, உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. அப்படியே புதைத்துவிடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் கேட்க வேண்டும். நடும்போது கண்மாய் வண்டல் கொட்டினீர்களா? நம் செம்மண்ணில் தண்ணீர் இறங்கிவிடும்; வண்டலில் தேங்கும். அதன்மேல் காய்ந்த செடிக்கு இரக்கப்பட்டுத் தினமும் தண்ணீர் விட்டிருந்தால் கிழங்கு உண்மையிலேயே அழுகியிருக்கும். கீறினால் பழுப்பாகக் கொழகொழவென்று நாறும். அப்படியானால் வண்டலை அள்ளிவிட்டுச் சரளை கலந்த செம்மண்ணைப் போட்டுத்தான் மறுபடி நட வேண்டும். மேலே ஒரு விரற்கடை வண்டல் மட்டும் தூவியிருந்தால் பயமில்லை, தண்ணீரை நிறுத்தினாலே போதும்.

இனி அந்த வியாபாரி விஷயம். இருநூறு கிழங்கு அவருக்கு எங்கிருந்து வந்தது? இது மெதுவாக வளரும் செடி. சித்த மருந்துக்குக் கிழங்கு கேட்பவர்கள் ஏராளம். தோட்டத்தில் பெருக்கி விற்பவர் அபூர்வம். பெரும்பாலும் காட்டில் பிடுங்கியதுதான். காப்புக் காட்டில் தோண்டினால் 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். ஆனால் சந்தையில் 'எங்கே எடுத்தாய்' என்று கேட்க ஓர் ஆள் கிடையாது. மரக்கன்று நட ஊருக்கு ஊர் விழா எடுக்கிறார்கள், மரத்தடியில் வாழும் சின்னச் செடிகளை அந்த அளவுக்கு யாரும் சீந்துவதில்லை. எனக்கு இதில் ஆறாத கோபம்.

இன்னொரு ஏமாற்று: 'மஞ்சள் கரிசலாங்கண்ணி, நிழலுக்கு நல்லது' என்று ஒரு கொடியைத் தலையில் கட்டுவார்கள். இலை மூன்று பிரிவாக வெட்டியிருந்தால் அது அமெரிக்காவிலிருந்து வந்த வெடேலியா. உள்ளே விட்டால் நிலப்பனையை மூடிவிடும். நம் நாட்டு மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலையில் அந்த வெட்டு இருக்காது.

உங்களிடம் இருப்பதையே பெருக்கலாம். அடுத்த ஆவணியில் நன்றாகத் தடித்த கிழங்கை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக, ஒவ்வொன்றிலும் குருத்து இருக்கும்படி வெட்டி, ஒரு சாண் இடைவெளியில் நடுங்கள். சில சமயம் இலை நுனி மண்ணைத் தொட்ட இடத்திலும் குட்டி பிடிக்கும். நிலம் மூடச் சில வருடம் ஆகும், பொறுக்க வேண்டும்.

அதுவரை மாவிலைச் சருகைக் கூட்டி எரிக்காமல் அங்கேயே கிடக்க விடுங்கள். செடி இருக்கும் வரிசையில் உடைந்த நாட்டு ஓட்டுத் துண்டுகளைச் செருகி வையுங்கள். இல்லாவிட்டால், இலை இல்லாத நாளில் தோட்ட வேலைக்கு வருகிறவர் காலி இடம் என்று நினைத்து மண்வெட்டி போட்டுவிடுவார்.