கிங் கிரிம்சன் இசைத்தட்டுகள்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

லண்டனில் 1969 ஜனவரியில் ஒத்திகையைத் தொடங்கி, 2021 டிசம்பர் 8 அன்று டோக்கியோவில் கடைசியாக மேடையேறிய கிங் கிரிம்சன் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழு, இடைப்பட்ட காலத்தில் 13 ஸ்டூடியோ ஆல்பங்களை வெளியிட்டது. நெடுங்காலமாக அவற்றைக் கேட்டுவருபவன் என்பதால், புரோகிரசிவ் ராக் ஆர்வலர்கள் சிலர் தங்கள் ஐயங்களை எனக்கு எழுதி அனுப்பியிருந்தார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே தருகிறேன்.

கேள்வி: இப்போதுதான் கேட்கத் தொடங்குகிறேன். வெளிவந்த வரிசையிலேயே 13 ஆல்பங்களையும் கேட்டுவிடலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. கிங் கிரிம்சன் என்ற ஒரே பெயரில் உண்மையில் பல குழுக்கள் இயங்கியிருக்கின்றன. எல்லா ஆல்பங்களிலும் இருப்பவர் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் ஒருவர் மட்டுமே. பாடகரும் டிரம்ஸ் கலைஞரும் பேஸ் கிட்டார் கலைஞரும் மாறும்போது, குழு தன் இசைமொழியையும் சேர்த்தே மாற்றிக்கொண்டது. எனவே 1969-இல் வந்த 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்', 1974-இல் வந்த 'ரெட்', 1981-இல் வந்த 'டிசிப்ளின்' ஆகிய மூன்றையும் மூன்று வாசல்களாகக் கொள்ளுங்கள். எந்த வாசல் உங்களை உள்ளே இழுக்கிறதோ, அதன் அக்கம்பக்கத்தில் உள்ளவற்றை அடுத்துக் கேளுங்கள். வரிசைப்படி போனால் இரண்டாவது ஆல்பத்திலேயே சலிப்பு வரக்கூடும். 1970-இல் வந்த 'இன் தி வேக் ஆஃப் பொசைடன்', ஆவேசமான பாடல், அதையடுத்து மென்மையான பாடல், பிறகு மெலோட்ரான் என்ற விசைப்பலகைக் கருவியின் ஒலி நிறைந்த நீண்ட பாடல் என்று முதல் ஆல்பத்தின் அமைப்பையே ஏறத்தாழப் பின்பற்றுகிறது.

கேள்வி: முதல் ஆல்பத்தின் புகழ் அதன் அட்டைப்படத்தால் வந்ததா, இசையால் வந்ததா?

அந்த அட்டைப்படம் கடையில் பலரை நிறுத்தியிருக்கும் என்பதில் ஐயமில்லை. அலறும் வாயும் விரிந்த மூக்குத் துவாரங்களுமாக உறை முழுவதையும் நிறைக்கும் அந்த முகத்தை வரைந்த பாரி காட்பர், தொழிலால் கணினி நிரலாளர். ஆல்பம் வெளிவந்த சில மாதங்களில், 1970 பிப்ரவரியில், 24 வயதில் மாரடைப்பால் இறந்துபோனார். அவர் வரைந்த ஆல்பம் உறை இது ஒன்றுதான். உறையைத் திறந்தால் உள்ளே இன்னொரு முகம் இருக்கிறது. அதன் சிரிக்கும் வாயைக் கையால் மறைத்துவிட்டுக் கண்களை மட்டும் பாருங்கள். அவற்றில் தாங்கமுடியாத சோகம் தெரியும். இதைச் சுட்டிக்காட்டியவர் ஃபிரிப்தான். இந்த ஆல்பத்தின் இசையையும் அப்படித்தான் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனாலும் புகழ் இசையால் வந்ததே. 1969 ஜூலை 5 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய இலவசக் கச்சேரியில், பெருங்கூட்டத்தின் முன்னால் இந்த இளைஞர்கள் வாசித்துப் பெயர் பெற்றுவிட்டார்கள். பிறகு வெஸெக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில், தங்களுக்கு அமைந்த தயாரிப்பாளரோடு ஒத்துவராமல் தாங்களே தயாரித்து முடித்த ஆல்பம், அக்டோபரில் வெளியாகி பிரிட்டிஷ் பட்டியலில் 5-ஆம் இடம் வரை சென்றது. அதன் பெரும் இசைவிரிவு முழுவதும் ஆர்க்கெஸ்ட்ரா இல்லாமல் மெலோட்ரானிலிருந்து எழுந்தது என்பதைக் கவனியுங்கள். அந்தக் கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே முன்பே பதிவு செய்த ஒலிநாடாத் துண்டு ஒன்று இருக்கும். கட்டையை அழுத்தினால் ஏறத்தாழ எட்டு விநாடி ஒலித்து நின்றுவிடும். அந்த வரம்பையும், நாடாவின் இலேசான நடுக்கத்தையும் வைத்துக்கொண்டு குழுவின் இயன் மெக்டொனால்ட் எழுப்பிய ஒலிதான், பின்னால் வந்த எத்தனையோ குழுக்களின் இலக்கணமாக ஆனது.

கேள்வி: 1970-71 ஆல்பங்களைத் தாண்டிச் சென்றுவிடலாம் என்கிறார்களே?

'பொசைடன்' குறித்து மேலே சொல்லிவிட்டேன். 1971-இல் வந்த 'ஐலண்ட்ஸ்' அமைதியான மாலைகளுக்கு உகந்தது; பாடகராகச் சேர்ந்த பாஸ் பரெலுக்கு ஃபிரிப்பே பேஸ் கிட்டார் வாசிக்கக் கற்றுக்கொடுத்து மேடையேற்றினார் என்பது அந்தக் காலத்தின் நெருக்கடியைக் காட்டும். 1970 டிசம்பரில் வந்த 'லிஸார்ட்' ஆல்பத்தை மட்டும் தாண்டிச் செல்ல வேண்டாமென்று வலியுறுத்திச் சொல்வேன். அதன் இரண்டாம் பக்கம் முழுவதையும் நிறைக்கும் 23 நிமிடத் தொகுப்பு, யெஸ் என்ற மற்றொரு ராக் குழுவின் பாடகர் ஜான் ஆண்டர்சன் குரலில் தொடங்கி, கீத் டிப்பெட்டின் ஜாஸ் பியானோவோடும் ஊதுகருவிகளோடும் பிணைந்து வளர்கிறது. முதல் முறை கேட்டபோது எனக்கு எதுவும் பிடிபடவில்லை. ஃபிரிப்பே பல ஆண்டுகள் இதை விரும்பாமல் இருந்து, இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் மூலப் பதிவுகளிலிருந்து 2009-இல் செய்த புதிய ஒலிக்கலவையைக் கேட்ட பிறகுதான் இதனுள் இருந்த இசையை ஏற்றுக்கொண்டார். ஆகவே நீங்களும் அந்தக் கலவையில் கேளுங்கள்.

கேள்வி: பாடல் வரிகளை எழுதியவர் ஃபிரிப்பா?

இல்லை. முதல் நான்கு ஆல்பங்களுக்கு எழுதியவர், குழுவுக்குப் பெயர் சூட்டியவருமான பீட்டர் சின்ஃபீல்ட். 1973-74 காலத்தில் ரிச்சர்ட் பால்மர்-ஜேம்ஸ் ஜெர்மனியிலிருந்து அஞ்சலில் வரிகளை அனுப்பினார். 1981 முதல் அந்தப் பொறுப்பு பாடகர் ஏட்ரியன் பெலூவிடம் வந்தது.

கேள்வி: 'லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்' என்ற விசித்திரமான பெயருக்கு என்ன பொருள்?

வானம்பாடிகளின் நாக்குகளை இறைச்சிச் சாற்றுக் கூழில் உறையவைத்த உணவு என்பது நேர்ப்பொருள். புதிய குழுவின் இசை எப்படி இருக்கிறது என்று கேட்கப்பட்டபோது, தாளக் கலைஞர் ஜேமி மியூர் இப்படிச் சொன்னாராம். மெல்லியதும் நுண்ணியதுமான ஒன்று முரடான ஒன்றுக்குள் சிக்கியிருப்பதாக அதைக் கொண்டால், வயலினும் இரும்பு போன்ற கிட்டாரும் மோதிக்கொள்ளும் அந்த ஆல்பத்துக்கு அதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை. உலோகத் தகடுகள், சங்கிலிகள், பொம்மைகள் என்று கைக்கு எட்டியதையெல்லாம் தாளக் கருவியாக்கிய மியூர், 1973 மார்ச்சில் ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே குழுவிலிருந்து விலகி, ஸ்காட்லாந்தில் உள்ள ஒரு பௌத்த மடத்தில் சேர்ந்துவிட்டார். அவர் இருந்தது சில மாதங்கள்தான். ஆனால் யெஸ் குழுவின் வெற்றியை உதறிவிட்டு இங்கே வந்திருந்த டிரம்ஸ் கலைஞர் பில் புரூஃபோர்டின் வாசிப்பையே அவர் மாற்றிவிட்டார்.

இதே தலைப்பில் 1973 ஆல்பத்தில் இரண்டு பகுதிகளும், 1984-இல் மூன்றாம் பகுதியும், 2000-இல் நான்காம் பகுதியும் வந்தன. நான்கையும் ஒருநாள் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்; ஒரே கேள்வியை ஒவ்வொரு தலைமுறைக் குழுவிடமும் ஃபிரிப் கேட்டுவந்திருப்பது புலப்படும்.

கேள்வி: 'ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்' ஸ்டூடியோ ஆல்பம் என்றே பட்டியல்களில் இருக்கிறது. ஆனால் பெரும்பகுதி மேடையில் பதிவானது என்று ஒருவர் வாதிடுகிறார். யார் சொல்வது சரி?

வாதிடுபவர் சொல்வது சரி, பட்டியலும் தவறில்லை. 1974 மார்ச்சில் வந்த இந்த ஆல்பத்தின் எட்டு உருப்படிகளில் முதல் இரண்டு மட்டுமே முழுக்க முழுக்க ஸ்டூடியோவில் உருவானவை. மற்றவை 1973 இறுதியில் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தின்போது கிளாஸ்கோ, சூரிச், ஆம்ஸ்டர்டாம் ஆகிய நகரங்களின் மேடைகளில் முழுமையாகவோ பகுதியாகவோ பதிவானவை. கைதட்டலையும் கூட்டத்தின் ஒலியையும் கவனமாக நீக்கிவிட்டு, அவற்றை ஸ்டூடியோ ஆல்பத்துக்குரிய ஒழுங்கில் கோத்தார்கள். எனக்கு இந்தப் பட்டியலில் மிகவும் நெருக்கமான ஆல்பம் இதுவே. கிங் கிரிம்சனின் இசை மேடையில்தான் பிறந்தது, தட்டு என்பது அதன் தடயம் என்ற உண்மையைக் குழு தானே ஒப்புக்கொண்ட இடம் இது.

அந்த உண்மையைக் காதால் உணர விரும்பினால் 'ட்ரையோ' என்ற உருப்படியைக் கேளுங்கள். 1973 நவம்பர் 23 அன்று ஆம்ஸ்டர்டாமின் கன்சர்ட்கெபாவ் அரங்கில், முன்திட்டம் எதுவும் இல்லாமல் டேவிட் கிராஸின் வயலினும், ஜான் வெட்டனின் பேஸ் கிட்டாரும், மெலோட்ரானில் ஃபிரிப் எழுப்பிய குழலொலியும் ஒன்றையொன்று தேடிச் சேர்கின்றன. நான்காமவரான புரூஃபோர்ட் மேடையிலேயே அமர்ந்திருந்தார். குச்சிகளை மார்பின் மேல் குறுக்காக வைத்துக்கொண்டு, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு தட்டுகூடத் தட்டவில்லை. தான் வாசித்தால் அது கெட்டுவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அடக்கத்தைப் பாராட்டி, இசையமைத்தவர்களின் வரிசையில் அவர் பெயரையும் குழு சேர்த்தது. ஒலிக்காத டிரம்ஸுக்கு உரிமை பெற்ற வேறொரு கலைஞரை நான் அறியேன்; முற்றிலும் நியாயமான உரிமை அது.

அதே இரவில் பதிவான 'ஃபிராக்சர்', இதன் எதிர் எல்லை. இடைவெளியே விடாமல் ஓடும் அதன் கிட்டார் பகுதியில் ஒரு சுரம் தவறினாலும் மறைப்பதற்கு இடமில்லை. கிட்டார் பயில்பவர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் முயன்றும் எட்ட முடியாமல் திரும்பிவரும் இடம் அது. அந்த இரவின் முழுக் கச்சேரியும் 1997-இல் 'தி நைட் வாட்ச்' என்ற பெயரில், கைதட்டலோடு வெளிவந்திருக்கிறது. இரண்டையும் வைத்து ஒப்பிட்டுக் கேட்பது தனி இன்பம்.

கேள்வி: 'ஸ்டார்லெஸ்' பாடல் அந்த ஆல்பத்தில் இல்லாமல் 'ரெட்' ஆல்பத்தில் இருப்பது ஏன்?

வெட்டன் அந்தப் பாடலை முதலில் கொண்டுவந்தபோது ஃபிரிப்புக்கும் புரூஃபோர்டுக்கும் அது பிடிக்கவில்லை. ஆகவே பெயர் மட்டும் முந்தைய ஆல்பத்துக்குப் போயிற்று. பாடல் மேடைகளில் வளர்ந்து, 12 நிமிடத்துக்கும் மேலான உருவில் 'ரெட்' ஆல்பத்தின் இறுதியில் வந்து அமர்ந்தது. அதன் நடுப்பகுதியில் 13 எண்ணிக்கைச் சுற்றின் மேல், ஃபிரிப் ஒரே சுரத்தை இரண்டு தந்திகளில் மாற்றி மாற்றி மீட்டிக்கொண்டே இருப்பார். பேஸும் தாளமும் அடியில் கனத்துக்கொண்டே வர, அந்த ஒற்றைச் சுரம் மிக மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். விரல் வேகத்தைக் காட்ட எல்லா வாய்ப்பும் இருந்த ஒருவர், அதைக் காட்டாமலே இவ்வளவு அச்சத்தை உருவாக்கியதை எத்தனை முறை கேட்டாலும் நெஞ்சு படபடக்கிறது. ஆல்பம் 1974 அக்டோபரில் கடைக்கு வரும்போது, குழுவை ஃபிரிப் கலைத்துவிட்டிருந்தார்.

கேள்வி: 'டிசிப்ளின்' கேட்டேன். மெலோட்ரான் இல்லை, நீண்ட பாடல்கள் இல்லை. இது கிங் கிரிம்சன் தானா?

உங்கள் ஐயத்தில் நியாயம் உண்டு. 1981-இல் ஃபிரிப், புரூஃபோர்ட், பெலூ, பேஸ் கலைஞர் டோனி லெவின் நால்வரும் சேர்ந்தபோது குழுவுக்கு 'டிசிப்ளின்' என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். பிறகுதான் பழைய பெயரை ஏற்றார்கள். இந்தோனேசிய கமெலான் இசையில் சிறு சிறு ஓசைகள் ஒன்றோடொன்று கோத்துப் பெரிய பின்னலாவது போல, இங்கே இரண்டு கிட்டார்கள் பின்னிக்கொள்கின்றன. 'ஃபிரேம் பை ஃபிரேம்' பாடலில் ஒரு கிட்டார் ஏழு ஏழாக எண்ணிச் செல்ல, மற்றது 14-க்கு ஒன்று குறைத்து 13-ஆகச் செல்கிறது. சுற்றுக்கு ஒரு சுரம் விலகி, விலகலே அழகாகி, பிறகு இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேரும். விரல்விட்டு எண்ணிக்கொண்டே ஒருமுறை கேளுங்கள். பழைய ஒலி வேண்டுமென்று தேடாமல், பழைய துணிவு இருக்கிறதா என்று தேடினால், இது கிங் கிரிம்சன்தான் என்று நீங்களே சொல்வீர்கள். இதே நால்வரின் 'பீட்' (1982), 'த்ரீ ஆஃப் எ பெர்ஃபெக்ட் பேர்' (1984) இரண்டும் இந்த உயரத்தைத் தொடவில்லை என்பது என் மதிப்பீடு.

கேள்வி: அதற்குப் பின் வந்தவை?

மூன்று. 1995-இன் 'த்ராக்' கிட்டார், பேஸ், டிரம்ஸ் ஒவ்வொன்றுக்கும் இருவராக ஆறு பேர் கொண்ட இரட்டை மூவர் அமைப்பின் கனத்த ஒலி. 2000-இன் 'தி கன்ஸ்ட்ரக்ஷன் ஆஃப் லைட்' ஆல்பத்தின் மூல டிரம்ஸ் பதிவுகள் தொலைந்துபோனதால், 2019 பதிப்புக்காக டிரம்ஸ் கலைஞர் பாட் மாஸ்டெலாட்டோ டிரம்ஸைப் புதிதாக வாசித்துச் சேர்த்தார். எனக்கு அந்தப் பதிப்பே நிறைவளிக்கிறது. 2003-இன் 'தி பவர் டு பிலீவ்' கடைசி ஸ்டூடியோ ஆல்பம். தயங்காமல் வாங்கலாம்.

கேள்வி: எந்தப் பதிப்பை வாங்குவது? கடையில் ஒரே ஆல்பம் நான்கு விதமாக இருக்கிறது.

முதல் ஆல்பத்தின் அசல் மூலநாடா பல ஆண்டுகள் கிடைக்காமலிருந்து பின்னர் கண்டெடுக்கப்பட்டு, அதிலிருந்து 2004 பதிப்பு உருவானது. அதற்கு முந்தைய குறுந்தட்டுகள் நகலுக்கு நகல் எடுத்த நாடாக்களிலிருந்து வந்தவை என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. 1969 முதல் 1974 வரையிலான ஆல்பங்களுக்கு, வில்சனும் ஃபிரிப்பும் சேர்ந்து உருவாக்கிய 40-ஆம் ஆண்டுப் பதிப்புகளைப் பரிந்துரைக்கிறேன். செலவில்லாமல் கேட்டுப் பார்க்க விரும்பினால், 2019 முதல் முக்கியமான ஆல்பங்கள் இணைய இசைச் செயலிகளிலும் கிடைக்கின்றன.

கேள்வி: 2014 முதல் 2021 வரை மேடையேறிய குழு ஸ்டூடியோ ஆல்பம் எதையும் தரவில்லையே? அது குறையில்லையா?

குறையாக நான் கருதவில்லை. மூன்று டிரம்ஸ் கலைஞர்களை மேடையின் முன்வரிசையில் அமர்த்திய அந்தக் குழு, பல பத்தாண்டுகளாக வாசிக்கப்படாமல் இருந்த 1969-74 காலப் பாடல்களையும், 'லிஸார்ட்' தொகுப்பின் பகுதிகளையும்கூட உயிரோடு எடுத்துவந்தது. அவர்களுடைய 'ராடிக்கல் ஆக்ஷன்' தொகுதி 2016-இல் வந்தது. பல நாடுகளின் மேடைப் பதிவுகளிலிருந்து கூட்டத்தின் ஒலியை நீக்கி, ஸ்டூடியோ ஆல்பம் போலவே கோக்கப்பட்டது அது. 1974-இல் செய்ததையே 42 ஆண்டுகள் கழித்து மறுபடியும் செய்திருக்கிறார்கள். 'ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்' கேட்டு முடித்த கையோடு அதை எடுங்கள்.