கூலமன் வாங்குமுன் கவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி: ஊருக்கு வரும்போது அன்பளிப்பாகத் தர, ஆஸ்திரேலியப் பழங்குடியினர் செய்யும் கூலமன் என்ற மரத்தட்டு வாங்க ஆசை. அசலை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, சிட்னி

பதில்: பொருளில் தொங்கும் அட்டையில் உள்ளதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். இந்தோனேசியாவில் செய்த பூமராங்குகளையும் டிஜெரிடூ என்ற நீண்ட மரக்குழல்களையும் பழங்குடியினர் கைவேலை போலத் தோன்றும்படி விற்றதற்காக, பிருபி ஆர்ட் நிறுவனத்துக்கு 2019-இல் ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. நிறுவனம் அதற்குள் மூடப்பட்டுவிட்டது என்பது வேறு விஷயம்!

செய்தவர் யார், எந்த ஊர்க்காரர், என்ன மரம்? கடைக்காரர் இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். 'பழங்குடிப் பாணி' என்று மழுப்பினால் நகர்ந்துவிடுங்கள். மத்திய ஆஸ்திரேலியாவின் உலுரு பாறைப் பக்கம் போனால், அங்குள்ள பழங்குடியினரான அனங்கு மக்களே நடத்தும் மருகு ஆர்ட்ஸ் என்ற கலை நிறுவனத்தில் வாங்கலாம். மற்ற ஊர்களில், பழங்குடிக் கலையை நேர்மையாக விற்பதற்கான நெறிகளை வகுத்துள்ள இண்டிஜினஸ் ஆர்ட் கோட் அமைப்பில் சேர்ந்த விற்பனையாளர்களைத் தேடுங்கள்.

பிறகு தட்டைக் கையில் எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். கோடரியும் அரமும் பட்ட தடம் அடிப்பக்கத்தில் ஒழுங்கில்லாமல் தெரியும். வட்ட வட்டமாக ஒரே சீரான கோடுகள் இருந்தால் அது கடைசல் இயந்திர வேலை. மத்தியப் பாலைவனத் தட்டுகளில் கம்பியை நெருப்பில் பழுக்கக் காய்ச்சிச் சூடு வைத்துக் கோலம் போடுவார்கள். கம்பி ஆற ஆற கோடு வெளிறும்; மறுபடி காய்ச்சிய கம்பி தொட்ட இடம் கருத்துக் குழிந்திருக்கும். எல்லாக் கோடும் ஒரே ஆழம், ஒரே கறுப்பு என்றால் லேசர் வேலையா என்று சந்தேகப்படலாம்.

கேள்வி: கூலமன் செய்ய என்ன மரம்? மரத்தை வெட்டிச் சாய்ப்பார்களா?
– வாசகர், மதுரை

பதில்: ஆற்றோரத் தைல மரம் ஒன்று. நடுமரத்திலோ பருத்த கிளையிலோ இயல்பாகவே வளைந்த பக்கத்தைச் செதுக்கி எடுப்பார்கள். மரம் தழும்போடு உயிர் வாழும். இனின்டி இன்னொன்று. நம்மூர்க் கல்யாண முருங்கையின் இனம்தான், எடை குறைவு. அதன் சிவப்பு விதைகளை மாலையாகக் கோத்தும் விற்கிறார்கள்; சின்ன அன்பளிப்புக்கு அது போதும்.

கேள்வி: வாங்கிய தட்டின் முனையில் விரிசல். அடியில் மாவு மாதிரி தூளும் கொட்டுகிறது. பழம் வைக்கலாமா?
– வாசகி, கோவை

பதில்: முதலில் தூளைக் கவனியுங்கள். துடைத்துவிட்டுக் கறுப்புத் தாள்மீது வையுங்கள். புதிதாகத் தூள் விழுந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் 2 வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள். உடனே பிரித்தால் குளிர்ந்த மரத்தில் ஈரம் படியும்.

விரிசலுக்குக் காரணம், நார் முடியும் முனைகள் நடுப்பகுதியைவிட வேகமாகக் காய்வது. ஏசிக்கு நேர் கீழேயும் ஜன்னல் வெயிலிலும் வைக்காதீர்கள். பசை தடவி இறுக்கிக் கட்டினால் மரம் வேறிடத்தில் பிளக்கலாம். பழைய கூலமன்களில் விரிசலின் இருபுறமும் துளையிட்டு, விலங்கின் தசைநாரால் தைத்து, ஸ்பினிஃபெக்ஸ் புல்லின் பிசினால் அடைத்திருப்பதைக் காணலாம். அப்படிப்பட்ட தையல் உள்ள தட்டைக் குறையுள்ளதென்று ஒதுக்காதீர்கள்.

வண்டு போனபின் உலர்ந்த பழம், கொட்டை வைக்கலாம். நறுக்கிய பழமும் குழம்பும் வேண்டாம். தேங்காய் எண்ணெயும் தடவாதீர்கள். சிக்கு வாடை ஏறும். உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும்.