வோல்டேஜ் ஏறுகிறது, நிறமாலை வரி மட்டும் நகரவில்லையே?

கேள்வி: ரூபிடியம் ஆவிக் குடுவையில் 780, 480 நானோமீட்டர் லேசர்கள் இரண்டையும் வைத்து 50எஸ் ரிட்பெர்க் நிலையை (வெளி எலக்ட்ரான் மிக உயர்ந்த ஆற்றல் மட்டத்தில் இருக்கும் நிலை) பிடித்துவிட்டேன். குடுவைக்கு வெளியே இரண்டு தகடுகள் வைத்து வோல்டேஜ் கொடுத்தால் வரி அசையவே இல்லை. அணுவின் முனைவாகும் திறனை, அதாவது மின்புலம் அதன் எலக்ட்ரான் மேகத்தை எவ்வளவு எளிதில் இழுத்து நகர்த்துகிறது என்பதை, எப்படி அளப்பது?

லேசரைச் சந்தேகப்படாதீர்கள், குடுவைதான் மின்புலத்தை உள்ளே விடவில்லை. உள்சுவரில் ரூபிடியம் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். 480 நானோமீட்டர் ஃபோட்டான் ஒன்றுக்கு ஏறத்தாழ 2.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல், ரூபிடியத்திலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க அதைவிடக் குறைவே போதும். ஆக, நீல ஒளி சுவரில் பட்ட இடத்திலெல்லாம் மின்னூட்டம் கிளம்பி, நீங்கள் கொடுக்கும் நிலையான புலத்தை ஈடுகட்டிவிடுகிறது.

புலம் உள்ளே போயிருந்தால் உங்கள் கண்ணுக்குத் தப்பியிருக்காது. சென்டிமீட்டருக்கு 1 வோல்ட் என்றாலே 50எஸ் நிலை சுமார் 25 மெகாஹெர்ட்ஸ் கீழே இறங்கும். அதே புலத்தில் அடிநிலை அணு நகர்வது வெறும் 0.04 ஹெர்ட்ஸ்! முனைவாகும் திறன் முதன்மைக் குவாண்டம் எண்ணின் (50எஸ் என்பதில் வரும் 50) ஏறக்குறைய ஏழாம் அடுக்கில் ஏறுவதால்தான் இவ்வளவு வித்தியாசம்.

சரி, என்ன செய்யலாம்? தகடுகள் உள்ளேயே பொருத்திய குடுவை கிடைத்தால் அதுதான் நல்லது. இல்லையென்றால் சில மெகாஹெர்ட்ஸ் மாறுதிசை வோல்டேஜ் கொடுத்துப் பாருங்கள், சுவர் மின்னூட்டத்தால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. ஆனால் அப்போது புலத்தின் வர்க்கம் என்று கணக்கில் வரவேண்டியது அதன் வீச்சின் வர்க்கத்தில் பாதி.

உள்தகடு இருந்தால் வோல்டேஜை மைனஸிலிருந்து பிளஸ் வரை ஓட்டுங்கள், ஒரு பக்கம் மட்டும் எடுத்து நிறுத்திவிடாதீர்கள். நகர்வு புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் கவிழ்ந்த பரவளையம் கிடைக்கும், அதன் உச்சி சரியாகப் பூஜ்ஜியத்தில் இருக்காது. அந்த விலகல்தான் உள்ளே ஏற்கெனவே இருக்கும் புலம், அதைக் கழித்துவிட்டுத்தான் நகர்வைப் புலத்தின் வர்க்கத்துக்கு எதிரே வரைய வேண்டும். வரும் சாய்வின் அளவை இரண்டால் பெருக்கினால் விடை. புலம் கூடி, புள்ளிகள் பரவளையத்தை விட்டு விலக ஆரம்பித்தால் அதோடு நிறுத்துங்கள், பக்கத்து நிலைகள் கலக்கத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம்.

அப்புறம், தகடுகளின் இடைவெளியை அளப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம், அதில் 1 சதவீதம் பிசகினால் விடையில் 2 சதவீதம் போய்விடும். எஸ்ஸுக்குப் பதில் டி வகை ரிட்பெர்க் நிலைகள் இன்னும் பலமான சிக்னல் தரும்தான், ஆனால் அங்கே புலம் வரியைப் பிளக்கவும் செய்யும். எஸ் நிலையில் கை பழகிய பிறகு அதைத் தொடுங்கள்.