வாடகை ஃப்ளாட்டில் மூன்று விலை மின்சாரம்: வெளியே வர வழி உண்டா?

கேள்வி: ஐயா, நாங்கள் திருச்சியிலிருந்து வந்தவர்கள். தென்னாப்பிரிக்காவில் ஜோஹானஸ்பர்க்கில், சாண்டன் பக்கம் ஒரு ஃப்ளாட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கரண்ட் பில்லில் பீக், ஸ்டாண்டர்ட், ஆஃப்-பீக் என்று மூன்று விலை போடுகிறார்கள். தரைக்கு அடியில் ஹீட்டிங் இருக்கிறது. ஜூன் மாதம் மாமியார் ஊரிலிருந்து வந்தார், அன்றிலிருந்து தினமும் போடுகிறோம். ஜூலை பில் மே மாதத்தை விட இரண்டு மடங்குக்கு மேல் வந்துவிட்டது. “ராத்திரியில் போடுங்கள், அப்போது மலிவு” என்கிறார் வீட்டுச் சொந்தக்காரர். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், மாலையில் சமையல், பாடம், குளியல். எல்லா நேரத்துக்கும் ஒரே விலை என்கிற சாதாரணக் கட்டணத்துக்கு மாற முடியுமா? வீட்டுக்காரர் சம்மதம் வேண்டுமா? பில் நகல் வைத்திருக்கிறேன்.
ஒரு வாசகி, சாண்டன்

பதில்: பில்லைப் பார்த்தேன் அம்மா. ஜூலையில் 940 யூனிட், அதில் 310 விலை கூடிய பீக் நேரத்தில் ஓடியிருக்கிறது. உங்கள் பிரச்சினை முழுக்க இந்த 310-ல்தான் இருக்கிறது.

உங்கள் பில்லில் அச்சடித்திருக்கும் நேரங்கள், அரசு மின்சாரக் கம்பெனியான எஸ்காமின் நேரக் கட்டணத்தில் இருப்பவையேதான். இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வருகிற குளிர்காலத்தில், திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 6 முதல் 8, மாலை 5 முதல் 8 பீக். இரவு 10 முதல் காலை 6 வரை ஆஃப்-பீக். மீதி ஸ்டாண்டர்ட். 2025 ஏப்ரலுக்கு முன் காலை பீக் மூன்று மணி நேரம், மாலை இரண்டு மணி நேரமாக இருந்தது. இப்போது காலையில் ஒரு மணி நேரம் குறைத்து மாலையில் கூட்டிவிட்டார்கள். சமைக்கிற வீடுகளுக்கு இது நல்ல மாற்றம் இல்லை என்பது என் கருத்து.

வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் பீக் 25 மணி நேரம்தான். அந்த 25 மணி நேரத்தில் உங்கள் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு போகிறது. இது உங்கள் ஊதாரித்தனம் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள எந்த வீடும் அந்த நேரத்தில்தான் விழித்து, குளித்து, அடுப்பு பற்றவைக்கும். இந்த மூன்று விலை யாருக்குப் பொருந்தும் என்றால், கூரையில் சோலாரும் கீழே பேட்டரியும் வைத்திருப்பவருக்கு. பகலில் பேட்டரியை நிரப்பி மாலையில் அதிலிருந்து எடுத்துக்கொள்வார். “ராத்திரியில் போடுங்கள்” என்று சொல்வது சுலபம். ராத்திரியில் தூங்குகிறவர்கள் எதைப் போடுவது?

இன்னொன்று. இரண்டு மடங்கானதற்கு ஹீட்டிங் மட்டும் காரணம் இல்லை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் அதிகத் தேவைக் காலம் என்று தனி விலை, அதிலும் பீக் விலைதான் அதிகம் ஏறும். செப்டம்பர் பிறந்தால் இறங்கிவிடும். பில் குறைந்துவிட்டதே என்று அப்போது விஷயத்தை விட்டுவிடாதீர்கள், அடுத்த ஜூனில் திரும்ப வந்து நிற்கும்.

சரி, மாற முடியுமா? முதலில் உங்களுக்கு மின்சாரம் விற்பது யார் என்று தெரிய வேண்டும். எஸ்காம் நேரடியாக உங்கள் பெயரிலோ வீட்டுக்காரர் பெயரிலோ பில் போட்டால், அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஹோம்ஃப்ளெக்ஸ் என்கிற மூன்று விலைக் கட்டணத்திலிருந்து ஹோம்பவர் என்கிற கட்டணத்துக்கு மாற்றக் கேட்கலாம். ஹோம்பவரில் யூனிட்டுக்கு எந்த நேரமும் ஒரே விலை. ஆனால் கூரையில் சோலார் போட்டு எஸ்காம் இணைப்போடு பதிவு செய்திருந்தால் ஹோம்ஃப்ளெக்ஸில்தான் இருந்தாக வேண்டும், மாற வழியில்லை. அதனால் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி சோலார் பற்றி.

உங்கள் பில்லில் எஸ்காம் பெயர் இல்லை. கட்டடத்துக்கு மொத்தமாக வாங்கி, உள்ளே வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்துப் பிரித்து விற்கிற கம்பெனியின் பில் அது. ஒப்பந்தம் அவர்களுக்கும் பாடி கார்ப்பரேட் என்கிற ஃப்ளாட் உரிமையாளர் சங்கத்துக்கும் நடுவில், நீங்கள் அதில் கையெழுத்துப் போட்டவர் இல்லை. இதனால் உங்களுக்கு வாயில்லை என்று அர்த்தம் இல்லை. மறுவிற்பனை செய்பவர், அந்தப் பகுதிக்கு மின்சாரம் விற்க உரிமம் பெற்றவரிடம் நேராக வாங்கினால் அதே மாதிரி வீடு என்ன கட்டுமோ அதைவிடக் கூடுதலாக வாங்கக் கூடாது என்பது எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையமான நெர்சாவின் நிலைப்பாடு. ஆகவே எழுத்தில் கேளுங்கள்: “எங்கள் வீட்டுக்கு எந்தக் கட்டண வகையில் போடுகிறீர்கள்? அதே யூனிட்டுகளை ஹோம்பவரில் போட்டால் என்ன வரும்? ஒரே விலைக் கட்டணம் இந்தக் கட்டடத்தில் யாருக்காவது கொடுக்கிறீர்களா?” இந்த மூன்றையும் வீட்டுக்காரருக்கு ஈமெயிலில் அனுப்புங்கள், நகலைக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற மேனேஜிங் ஏஜன்டுக்கும் போடுங்கள். வாயால் கேட்டால் காற்றோடு போய்விடும்.

ஒப்பிடும்போது யூனிட் விலையை மட்டும் பார்க்காதீர்கள். நாளுக்கு இவ்வளவு என்று வருகிற நிலைக் கட்டணங்கள் இப்போது பில்லில் நல்ல பங்கு பிடிக்கின்றன, எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டுங்கள். ஜூலை பில் ஒன்று, அக்டோபர் பில் ஒன்று, இரண்டுக்கும் கணக்குப் போட்டால்தான் வருடம் முழுவதும் எது லாபம் என்று தெரியும். இப்போது உங்கள் கையில் இருக்கிற ஜூலை பில்லை வைத்துச் சொல்வதானால், பீக் பங்கு மூன்றில் ஒன்றாக இருக்கிற வீடு ஒரே விலைக்குப் போவதுதான் சரி என்றே எனக்குத் தோன்றுகிறது.

கடிதத்துக்குப் பதில் வரும்வரை குளிரில் உட்கார்ந்திருக்க முடியாது. நான் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவன். டர்பனில் ஜூலைக்கு ஒரு கம்பளி போதும். எலக்ட்ரிக்கல் வேலைக்காக ஜோஹானஸ்பர்க் பக்கம் லெனேசியா வந்த பிறகுதான் ஹைவெல்ட் என்கிற இந்த மேட்டுநிலத்துக் குளிர் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. 1,700 மீட்டர் உயரம், காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும், வீடுகளோ வெயில் ஊருக்குக் கட்டியது போல ஒற்றைக் கண்ணாடி ஜன்னலும் டைல்ஸ் தரையும். அதனால் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

முதல் குற்றவாளி ஹீட்டிங் இல்லை, கீசர். 150 லிட்டர் கீசரில் குளிர்ந்த தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 8 யூனிட் பிடிக்கும். 3 கிலோவாட் எலிமென்ட் என்றால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். உங்கள் வீட்டில் நடப்பதைப் பாருங்கள்: ஆறே கால் மணிக்குப் பிள்ளைகள் குளிக்கிறார்கள். மேலே வெந்நீர் இறங்க இறங்க அடியில் பச்சைத் தண்ணீர் ஏறுகிறது, தெர்மோஸ்டாட் ‘டக்’ என்று போட்டுக்கொள்கிறது. சாயங்காலம் வரை யாரும் தொடப்போகாத வெந்நீருக்காக, நாளிலேயே விலை கூடிய நேரத்தில் கீசர் ஓடுகிறது. காலை 6 மணிக்கு டிபி போர்டில், அதாவது வீட்டின் மெயின் ஸ்விட்ச் பெட்டியில், கீசர் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். மதியம் ஒரு மணி நேரம் போடுங்கள், அப்புறம் இரவு 10-க்கு. சில நாள் மறக்கும், பரவாயில்லை. டைமர் வைத்தால் நிம்மதி, ஆனால் அது வீட்டுக்காரர் அனுமதியோடு, பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் செய்து சான்றிதழ் கொடுக்க வேண்டிய வேலை. தெர்மோஸ்டாட்டை 60-க்குக் கீழே இறக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் லீஜனெல்லா கிருமி வளரும், வயதானவர் இருக்கிற வீட்டில் அந்த ஆபத்து வேண்டாம்.

தரை ஹீட்டிங் கனமான இரும்புத் தோசைக்கல் மாதிரி. சூடாக நேரமாகும், அணைத்ததும் உடனே ஆறிவிடாது. அந்தக் குணத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். விடியற்காலை 3 முதல் 6 வரை ஓட விட்டு அணைத்தால் பிள்ளைகள் கிளம்பும்வரை தரையில் சூடு ஓரளவு நிற்கும். மாலைக்கு 2 முதல் 5 வரை, ஸ்டாண்டர்ட் விலையில். 10 சதுர மீட்டர் அறைக்குச் சதுர மீட்டருக்கு 150 வாட் என்று வைத்தால் 1.5 கிலோவாட், பீக்கில் மூன்று மணி நேரம் ஓடினால் 4.5 யூனிட். மாதத்தில் 22 வேலை நாளுக்கு ஏறக்குறைய 100 யூனிட் ஆகிவிடுகிறது. உங்கள் 310-ல் இது ஒரு பெரிய துண்டு.

மாமியாரைக் குளிரில் விட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம். அவருடைய அறைக்கு மட்டும் எண்ணெய் ஹீட்டர் வாங்குங்கள், படுக்கைக்கு எலக்ட்ரிக் பிளாங்கெட். 100 வாட் பிளாங்கெட் எட்டு மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட் ஆகாது. ஜன்னல் இடுக்கை அடைத்து, கனத்த திரை போடுங்கள். ஆனால் கரி அடுப்பையோ கேஸ் ஹீட்டரையோ மூடிய அறையில் வைத்துவிட்டுத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. குளிர்காலத்தில் இங்கே அதனால் உயிர் போகிற குடும்பங்கள் உண்டு.

வீட்டுக்காரர் பதிலே சொல்லாவிட்டாலோ, கணக்கைக் காட்ட மறுத்தாலோ, வாடகை வீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் 50-ஆம் எண் வாடகை வீட்டுச் சட்டத்தின்படி அமைந்தது, கௌட்டெங் மாகாணத்துக்குத் தனியாக உண்டு. புகார் கொடுக்கப் பணம் கட்ட வேண்டாம், வக்கீலும் வேண்டாம். பில்லில் தகராறு என்பதற்காக நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்கள் கரண்டை வெட்ட வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. அப்படி மிரட்டினால் பயப்படாதீர்கள், அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பில்லைக் கட்டாமல் மட்டும் நிறுத்தாதீர்கள். கட்டிவிட்டுச் சண்டை போடுங்கள்.

கேள்வி: தாத்தா, என் மகள் ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவில் நர்ஸ். வாடகை ஃப்ளாட்டில் சுவரோரம் செங்கல் நிரப்பிய பெரிய ஹீட்டர்கள். இரண்டு மீட்டர், மூன்று விலை. ஷிஃப்ட் வேலை, வீட்டில் பாதி நேரம் இல்லை, ஆனால் பில் கையைக் கடிக்கிறது. கம்பெனி மாறப் போனால் “உங்கள் மீட்டருக்கு எங்களிடம் கட்டணம் இல்லை” என்கிறார்களாம். என்ன செய்வாள்?
டோங்காட்டிலிருந்து ஓர் அம்மா

பதில்: அந்த நாட்டு முறை வேறு, அம்மா. பில் மகள் பெயரில் வருகிறதென்றால், எந்தக் கம்பெனியிடம் வாங்குவது என்பது அவள் உரிமை. வாடகைக்கு இருப்பவர் என்பதால் அது போய்விடாது. மீட்டரையே மாற்றுவதாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட வேண்டும்.

“கட்டணம் இல்லை” என்று சொன்னதோடு விட வேண்டாம். இதுபோன்ற சிக்கலான மீட்டரில் மாட்டிக்கொண்டவர்களுக்காக, பிரிட்டனின் போட்டிச் சந்தை ஆணையம் 2016-ல் ஓர் உத்தரவு போட்டது: 50,000 வாடிக்கையாளருக்கு மேல் வைத்திருக்கிற கம்பெனிகள், மீட்டரை மாற்றச் சொல்லாமலே ஒரே விலைக் கட்டணத்தை இவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று. அந்த உத்தரவைச் சொல்லி எழுத்தில் கேட்கட்டும்.

ஆனால் மாறுவதற்கு முன் ஹீட்டரைப் பற்றி யோசிக்க வேண்டும். அந்தச் செங்கல் ஹீட்டர்கள் இரவில் மலிவு மின்சாரத்தில் சூட்டை ஏற்றிக்கொண்டு பகலில் மெதுவாக விடும். பெரிய ஹீட்டர் 3.4 கிலோவாட். ஏழு மணி நேரம் முழுதாக ஏற்றினால் ஏறக்குறைய 24 யூனிட், அதுவும் ஒரு ஹீட்டருக்கு மட்டும். ஒரே விலைக்குப் போய்விட்டு இவற்றை ஓட விட்டால் பில் இன்னும் மோசமாகும். மொத்த யூனிட்டில் 40 சதவீதமாவது மலிவு நேரத்தில் ஓடினால்தான் பழைய கட்டணம் லாபம் என்பது அங்கே பொதுவாகச் சொல்கிற அளவு. உங்கள் மகள் பகலில் டியூட்டியில் இருக்க, காலி வீட்டுக்குச் சூடு கொடுத்துக்கொண்டிருக்கிறது ஹீட்டர். அவளுக்கு என் யோசனை இதுதான்: செங்கல் ஹீட்டர்களைச் சுவர் ஸ்விட்சில் அணைத்துவிட்டு, வீட்டில் இருக்கிற நேரம் இருக்கிற அறைக்கு மட்டும் சின்ன கன்வெக்டர் ஹீட்டர், அதோடு ஒரே விலைக் கட்டணம். வெந்நீர்த் தொட்டி எந்த மீட்டரில் ஓடுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளட்டும், மாற்றிய பிறகு அதற்கும் ஒரே விலைதான்.

மகளுடைய மீட்டர் பக்கத்தில் ரேடியோ டெலிஸ்விட்ச் என்கிற கறுப்புப் பெட்டி இருந்தால் அவசரம் உண்டு. பிபிசியின் நீண்ட அலை வானொலி வழியாக வருகிற சிக்னலில் ஹீட்டரைப் போட்டு அணைக்கிற ஏற்பாடு அது. 2025 ஜூன் 30 முதல் அந்தச் சிக்னலைப் பகுதி பகுதியாக நிறுத்தத் தொடங்கினார்கள். சிக்னல் நின்றால் ஹீட்டர் தவறான நேரத்தில் ஓடலாம், ஓடாமலே போகலாம். இப்போதைய கம்பெனியையே கூப்பிட்டு ஸ்மார்ட் மீட்டர் வைக்கத் தேதி வாங்கட்டும், ஒரே விலைக்கு மாறுவதையும் அதே வேளையில் பேசிக்கொள்ளலாம். பழைய மீட்டரைக் கழற்றுவதற்கு முன், இரண்டு மீட்டரின் எண்களும் தெளிவாகத் தெரியும்படி போனில் படம் எடுத்து, அன்றே கம்பெனிக்கும் வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடச் சொல்லுங்கள்.